செவ்வாய்க்கிழமையும் திறந்திருக்கும்

சிறு தொழில் செய்கிறவர்களுக்கு அறிவுரை சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. கடலூர் செம்மண்டலத்தில் நான் ஒரு மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறேன். புடவைக்கு ஏற்ற பிளவுஸ் துணி, ஃபால்ஸ், லைனிங், லேஸ், கொக்கி, நூல் என்று ஒரு சின்ன அறைக்குள் அடைத்து வைத்திருக்கிற கடை. ஒரு அட்டை கொக்கி வாங்க வருகிறவர்கூட எனக்கு வியாபாரம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்குவார். "ஏசி போடுங்கக்கா." "ரீல்ஸ் போடுங்கக்கா, அப்பதான் ரீச் ஆவும்." "வாசல்ல ஒரு பொம்மைக்குப் பொடவ கட்டி நிறுத்துங்க." பொம்மையை நிறுத்தினால் நான் எங்கே நிற்பது என்று ஒருவரும் சொல்வதில்லை.

இவர்கள் போதாதென்று, சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் சிறு வணிகர்களுக்கு மார்க்கெட்டிங் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, கடையை விட்டுவிட்டுப் போனேன். சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் பாடம் நடத்தினார். "உங்க பிராண்டோட கதை என்ன?" என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தேவனாம்பட்டினத்தில் கருவாடு விற்கிறவர். கதைதானே கேட்கிறார்கள் என்று சுனாமியில் போன வலையிலிருந்து ஆரம்பித்தார். கோட்டுக்காரர் நடுவில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சூப்பர், இதான் ஸ்டோரி, எல்லாரும் கைத்தட்டுங்க" என்றார். எல்லோரும் தட்டினார்கள். அந்த அம்மா எதற்குத் தட்டுகிறார்கள் என்று புரியாமல் உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு அவர் சொன்னதில் உருப்படியான விஷயம் ஒன்றே ஒன்றுதான். கடை திறக்கிற நேரத்தையும் விடுமுறை நாளையும் போன் மேப்பில் சரியாகப் போட்டு வையுங்கள் என்றார். அந்த ஒன்றைத்தான் எங்கள் கடையில் செய்ய முடியவில்லை. ரீல்ஸ் போடலாம், பொம்மையை நிறுத்தலாம், ஏசிகூட என்றைக்காவது போட்டுவிடலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று இரண்டு வார்த்தை எழுத என் வீட்டுக்காரர் விடமாட்டார்.

அவருக்குச் சொந்த ஊர் சிதம்பரம். கீழ வீதியை ஒட்டின சந்தில் அவர்கள் வீட்டு மளிகைக் கடை இருந்தது. எனக்கு அவர் முறைமாமன். அதனால் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். அந்த மளிகைக் கடைக்குள் சில வார்த்தைகள் நுழையக் கூடாது. 'இல்லை' கூடாது. 'மூடு' கூடாது. உளுந்து காலியானால் "உளுந்து நெறஞ்சு போச்சு" என்பார்கள். ராத்திரி கடையை மூட மாட்டார்கள், "எடுத்து வெப்பாங்க". துவரம்பருப்பு இருக்கா என்று யாராவது கேட்டு, அது கடையில் இல்லாமல் போனால், "வரும்" என்பார்கள். சந்துக்கு அது சரி. கேட்டவர் எதிர்வீட்டுக்காரர். "வரும்" என்றால் இன்றைக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்வார். கடலூரிலிருந்து வாட்ஸ்அப்பில் "வரும்" என்று அனுப்பினால், படிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்?

அவர் என் கடைக்கு வந்ததே வேறு வழியில்லாமல்தான். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தார். அது நின்றதும் சென்னைப் பக்கம் போனார். ஷிப்ட் வேலை, ஒரே அறையில் பலபேர், ஆள் மாற்றி ஆள் படுக்கிற பாய். கொஞ்ச காலத்திலேயே உடம்பு பாதியாகித் திரும்பி வந்தார். அன்றிலிருந்து கடை எங்கள் இரண்டு பேருடையது. கடை இரண்டு பேருக்கும் சோறு போட்டால் அவர் வீட்டில் இருப்பார், போடாவிட்டால் மறுபடியும் அந்த அறைக்குத்தான் போக வேண்டும். இதை நாங்கள் உட்கார்ந்து பேசியதில்லை. பேசாமலே இருவருக்கும் தெரியும். செம்மண்டலத்துத் தெருக்களை மட்டும் நம்பினால் அந்தச் சோறு வராது. எங்களைத் தூக்கி நிறுத்தியது சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்கள்தான்.

சிதம்பரத்தில் மேட்சிங் சென்டர் இல்லையா என்று கேட்கலாம். வீதிக்கு வீதி இருக்கிறது. ஆனால் டியூப் லைட்டுக்கு அடியில் மேட்ச் பார்ப்பது பாதிப் பொய். கடைக்குள் ஒன்றாகத் தெரிகிற அரக்கும் பாக்கு நிறமும் வெயிலுக்கு வந்ததும் பிரிந்துவிடும். நான் புடவையையும் துணியையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி விடுவேன். வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை. இரண்டிலும் ஒத்துப்போனால்தான் கத்தரிக்கோலை எடுப்பேன். எதிரில் பஞ்சர் ஒட்டுகிற அண்ணன், "மாவு சலிக்கிற மாதிரி நடுரோட்டுல நின்னு என்னத்தம்மா ஆட்டுற" என்று கிண்டல் செய்வார். செய்யட்டும். இதற்காகத்தான் ஒரு டீச்சர் சிதம்பரத்திலிருந்து வர ஆரம்பித்தார். எங்கேயும் கிடைக்காத ஒரு வெங்காயத்தோல் கலருக்கு நான் துணி பிடித்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் தன்னோடு வேலை பார்க்கிற இன்னொரு டீச்சரை அழைத்து வந்தார். அப்புறம் அந்தப் பள்ளிக்கூடமே வந்தது என்று சொல்லலாம். அவர்களுடைய அக்கா தங்கை, நாத்தனார், பக்கத்து வீடு எல்லாம் வந்தது. எந்த விளம்பரமும் எனக்கு இதைச் செய்ததில்லை.

மேப்பில் கடையின் பக்கத்தை உண்டாக்கிக் கொடுத்தது என் அக்கா மகள். லீவுக்கு வந்திருந்தவள், "சித்தப்பா, டைமிங் என்ன போடறது?" என்று அவரிடம் போய்க் கேட்டாள். என்னிடம் கேட்டிருக்கலாம். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "எப்பவும் தொறந்திருக்கும்னு போடு" என்றார். அவளும் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் என்று போட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து எங்கள் கடை ஒரு ஆஸ்பத்திரி. விடியற்காலையில் யாரோ ஒரு அம்மா போன் செய்து, "கடை தொறந்திருக்குதுன்னு காட்டுதே, லைனிங் கிடைக்குமா?" என்பார். நான் பல் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவருக்குத் தெரியாமல் அவர் போனை எடுத்து நேரத்தை மாற்றினேன். காலை முதல் இரவு வரை, செவ்வாய் விடுமுறை. அந்த வாரம் பார்த்துப் புயல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், ஒரு ஈ காக்கை கிடையாது. அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

"நாமளே கடைய மூடிருக்குன்னு ஊரு ஒலகத்துக்கெல்லாம் எழுதி வெச்சா எவ வருவா?"

"மழைக்கு வரல மாமா. நம்ம தெருவுல படகுதான் வரும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த வார்த்தை நம்ம கடை மேல இருக்கக்கூடாது."

மறுபடியும் மாற்றிவிட்டார். மழையும் அன்றைக்கென்று பார்த்து நின்றுபோனது. அதற்கு மேல் அவரிடம் என்ன வாதம் செய்ய முடியும்? வானிலையே அவர் பக்கம்.

வாட்ஸ்அப் அவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்ததே நான்தான். வாடிக்கையாளர்களுக்குக் காலை வணக்கம் என்று ரோஜாப்பூ படம் அனுப்பாதீர்கள் என்றால் அனுப்புவார். துணியை வாசல் வெளிச்சத்தில் வைத்து அப்படியே படம் எடுங்கள் என்றால், பளபளப்பு ஏற்றி அனுப்புவார். மயில்கழுத்து கலர் ஒருத்தி போனில் நீலமாகவும் இன்னொருத்தி போனில் பச்சையாகவும் போய் இறங்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதைக் கேட்டாலும் "வரும்" என்று பதில் போடுவதுதான் என்னால் தாங்க முடியாதது. மாந்துளிர் கலரில் ஃபால்ஸ் இருக்கா? வரும். குஞ்சம் கட்டித் தருவீங்களா? வரும். ஒரு அம்மா கடை எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கும் அவசரத்தில் "வரும்" என்று அனுப்பியிருந்தார். "ஏன் மாமா, இல்லைன்னா இல்லைன்னு சொன்னா என்ன? அடுத்த வாரம் கிடைக்கும்னு சேத்துச் சொல்லுங்க, அவுங்க அடுத்த வாரம் வருவாங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "நீ வேற, வர்ற லட்சுமிய வாசல்லயே நிக்கவெச்சு இல்லன்னு சொல்லச் சொல்றியா?" என்பார். லட்சுமிக்குப் பொய்தான் பிடிக்கும் என்று இவருக்கு யார் சொன்னது?

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் டீச்சர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சர் முகூர்த்தப் புடவையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். வாடாமல்லியும் இல்லாமல் கத்திரிப்பூவும் இல்லாமல் நடுவில் நிற்கிற நிறம். "புடவையில் வந்த பிளவுஸ் பத்தவில்லை. இந்த நிறம் இருக்கிறதா? நாளைக்கு வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். நான் அப்போது கடையில் வேறு ஒரு கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் பதில் போட்டுவிட்டார்: "வரும் டீச்சர். வாங்க."

அவர் மனதில் இருந்தது வேறு. மறுநாள் செவ்வாய். நாங்கள் இருவரும் சரக்கெடுக்கச் சென்னை சவுக்கார்பேட்டைக்குப் போகிறோம். அந்த நிறத்தைத் தேடி எடுத்து வந்துவிடலாம், ஆகையால் "வரும்". டீச்சர் எப்போது வந்தாலும் வரவேற்போம், ஆகையால் "வாங்க". நாளைக்குக் கடை இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் வாய் வழக்கம்போல வேறு பக்கம் திரும்பிவிட்டது. என்னிடம் மட்டும், "டீச்சர் பொண்ணுக்கு இந்தக் கலர் வேணுமாம், நாளைக்கு மறக்காமப் பாத்துடு" என்று படத்தைக் காட்டினார். நானும் படத்தைப் பார்த்தேன். அவர் என்ன பதில் போட்டார் என்று பார்க்கத் தோன்றவில்லை.

சவுக்கார்பேட்டையில் துணிக்கடைகள் இருக்கிற தெருவில் நடப்பதே ஒரு போராட்டம். தள்ளுவண்டி, பைக், தலையில் மூட்டையோடு ஓடுகிறவர்கள். மாடிக்கு மாடி ஏறி அந்த நிறத்தைத் தேடினேன். கடைசியில் ஒரு கடையின் மொட்டை மாடிக்கே துணியைக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்த்தேன். படத்தை நம்ப முடியாது என்று பக்கத்துப் பக்கத்து நிறமாக நாலைந்து எடுத்துக்கொண்டேன். அப்படியே சந்தோஷமாகக் கீழே இறங்கி வந்தால், மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்பும் நிறையத் தடவை அடித்திருந்தது. தெருச் சத்தத்தில் என் வீட்டுக்காரர் காதில் விழவில்லை.

"நான் டீச்சர் பேசறேம்மா. உங்க கடை வாசல்ல நிக்கிறோம். ஷட்டர் போட்டிருக்குதே, எப்ப வருவீங்க?"

எனக்குச் சட்டென்று ஒன்றும் பிடிபடவில்லை. இன்றைக்கு செவ்வாய்க்கிழமை டீச்சர் என்றேன்.

"எதிர்ல பஞ்சர் கடைக்காரரும் அதான் சொன்னாரு. செவ்வாய்க்கெழம இவுங்க தொறக்க மாட்டாங்கன்னு. போன்ல தொறந்திருக்குன்னு போட்டிருக்கு. நேத்து வாங்கன்னு மெசேஜும் வந்துது. பொண்ணு இன்னிக்கு ஒருநாள்தான் லீவு போட்டா. அதான் ரெண்டு பேருமா வந்தோம்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். சென்னையில் இருக்கிறோம், சரக்கு எடுத்துவிட்டோம், சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறோம் என்று என்னென்னவோ சொன்னேன். "பரவால்லம்மா. வெயில் ஜாஸ்தியா இருக்கு, நாங்க கெளம்பறோம்" என்று வைத்துவிட்டார். எதிரில் பஞ்சர் ஒட்டுகிறவருக்குத் தெரிந்த செய்தி, உலகத்துக்கே வழி சொல்கிற போனுக்குத் தெரியவில்லை. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டவர் என் பக்கத்தில் மூட்டைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தெரு என்றும் பார்க்காமல் கத்தினேன். "ஒரு வார்த்தை மாமா! நாளைக்குக் கடை இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை! வாயில புண்ணா வந்துடும்?" ஒரு மூட்டைக்காரர் நின்று வேடிக்கை பார்த்தார். என் வீட்டுக்காரர் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

மறுநாள் மத்தியானம் அந்தத் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்குக் கிளம்பினேன். வீட்டுக்கே போய்க் கொடுத்துவிடலாம், மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று எண்ணம். அவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "நானும் வரேன். நான் போட்ட மெசேஜுதான" என்றார். ஆக, புதன்கிழமையும் ஷட்டர் இறங்கியது. மேப்பில் மட்டும் கடை ஜோராகத் திறந்திருந்தது.

டீச்சர் வீடு ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிறது. முகம் கோணாமல் உள்ளே கூப்பிட்டார். காபி கொடுத்தார். கல்யாண மண்டபம், சமையல்காரர் என்று பேசினார். நான் பேச்சைத் திருப்பி மன்னிப்புக் கேட்டேன். என் வீட்டுக்காரர், "அது வந்து டீச்சர், நான் என்ன நெனச்சேன்னா" என்று ஆரம்பித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"விடுங்க சார். நேத்து திரும்பி வர்ற வழியிலேயே கீழ வீதியில எடுத்துட்டோம். டெய்லர்ட்ட வெட்டக் குடுத்தாச்சு" என்றார் டீச்சர்.

அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்த மகள் உள்ளே போய்ப் புடவையையும் மீந்துபோன துணித் துண்டையும் எடுத்து வந்து காட்டினாள். காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. சாயங்கால வெளிச்சம் விழுகிற ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருந்தேன். துண்டை வாங்கினதுமே தெரிந்துவிட்டது. சிவப்பு கொஞ்சம் தூக்கல். டியூப் லைட்டுக்கு அடியில் பார்த்து எடுத்த துணி. காலை முகூர்த்தத்தில், மண்டப வாசலில் மாப்பிள்ளையோடு நிற்கும்போது, பார்க்கிற எல்லோருக்கும் அது வேறு நிறமாகத் தெரியும். என் பைக்குள் அந்தப் புடவையிலிருந்தே கிழித்து எடுத்த மாதிரி ஒரு துணி இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. பையைப் பிரித்து அதை எடுத்துப் புடவை மேல் போட்டுவிட்டேன்.

துணி எங்கே முடிகிறது, புடவை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். டீச்சரும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்து போனது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வெட்டியாச்சே" என்றார். துணியை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வைத்துக்கொள்ளுங்கள், என் அன்பளிப்பாக இருக்கட்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம்மா, எதுக்கு" என்று சிரித்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். பத்திரிகை அடித்ததும் அனுப்புகிறேன் என்றார். "அடுத்த தடவ கண்டிப்பா கடைக்கு வரேன்" என்றார்.

நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேராகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. இனிமேல் இந்தப் பக்கமே வரப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்ட வாடிக்கையாளரும், சிரித்துக்கொண்டே, வரேன் என்றுதான் சொல்வார். குறை சொல்லிச் சண்டை போடுகிறவள் அடுத்த வாரம் வந்து நிற்பாள். பரவாயில்லை என்கிறவர் வரமாட்டார். டீச்சரோடு அந்தப் பள்ளிக்கூடமும் போகும், நாத்தனார்களும் பக்கத்து வீடுகளும் போகும். கோட்டுப் போட்டவர் இதையெல்லாம் சொல்லித் தரவில்லை.

கடலூர் பஸ்ஸில் கூட்டம். எப்படியோ இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. துணிப் பை என் மடியில் இருந்தது. பரங்கிப்பேட்டை பிரிகிற ரோடு தாண்டியது. வைத்துத் திட்டுவதற்கு நிறைய இருந்தது, அதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"அவுங்க இனிமே வரமாட்டாங்க" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "இல்ல?" என்றார்.

இத்தனை வருஷத்தில் கடை சம்பந்தமாக அவர் வாயில் அப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே கிடையாது. இதைச் சொல்ல வைக்கத்தானே இவ்வளவு சண்டை போட்டேன். ஆமாம் மாமா, வரமாட்டார்கள், அதற்கு நீங்கள்தான் காரணம் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. என்னை இத்தனை காலம் எரிய வைத்த மனிதர் நேருக்கு நேராக உண்மையைக் கேட்கிறார். ஆனால் அவர் கேட்டது டீச்சரைப் பற்றி மட்டும் இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சென்னையில் அந்த அறை இன்னும் இருக்கிறது. அந்தப் பாயும் இருக்கும்.

"வருவாங்க மாமா" என்றேன்.